இருபத்தாறு நாள் கொழுந்தும் ஒரு கணனித் திரையும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்மலையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் வருவதற்கு முன்னமே அண்ணன் மகன் போனைக் கொண்டு வந்து காட்டினான். அதில் இரண்டு மொனிட்டர்கள். ஒன்று 27 அங்குல வளைந்த திரை, 165 ஹேர்ட்ஸ். மற்றது 24 அங்குல சாதாரணத் திரை, 100 ஹேர்ட்ஸ். "சித்தப்பா, எதை வாங்கலாம்?" என்று கேட்டான். அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டது வேறு கேள்வி: "விளையாடுறதுக்கு இவ்வளவு காசா தம்பி?"

அந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். ஒரு லயன் வீட்டில் கணனித் திரை வாங்குவது கடை விடயம் மட்டுமல்ல. சம்பளம், வரி, மின்சாரம், தபால் முகவரி வரை எல்லாமே அந்தத் தெரிவுக்குள் வந்துவிடுகின்றன.

கொத்மலைக்கும் கணனித் திரைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மகாவலித் திட்டத்தின் கீழ் 1989 இல் இங்கு ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த வானொலிக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் கணனியில் தேடி, கிடைத்ததை விளக்கி ஒலிபரப்புவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் அந்த இணைப்பு நீட்டப்பட்டது. வளர்ந்துவரும் நாடுகளுக்கு முன்மாதிரி என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட முயற்சி அது. ஒரு திரையை ஒருவர் பார்த்து ஊருக்கெல்லாம் வாசித்துச் சொன்ன காலம். ஆனால் அந்த வானொலியின் பிரதான மொழி சிங்களம். சுற்றியிருந்த தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தத் திரை எட்டாத தூரத்திலேயே இருந்தது.

இன்று ஒவ்வொரு வீடும் தன் திரையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். 2020, 2021 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலையகப் பிள்ளைகள் சிக்னலுக்காக மேடுகளில் ஏறி, ஒரு போனை மூன்று பேர் பகிர்ந்து படித்ததை நாம் மறந்திருக்க முடியாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணனி அறிவு பற்றிய ஆய்வுகளில், வீட்டில் கணனி வைத்திருப்போர் பட்டியலில் பெருந்தோட்டத் துறை தொடர்ந்து கடைசியில்தான் நிற்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கைக்கு வந்துவிட்டது. டிஜிட்டல் பொருளாதாரம் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அதைப் பார்க்கும் திரை யார் வீட்டில் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

விலையை நாளாக மாற்றிப் பாருங்கள்

ஒரு புதிய 24 அங்குலத் திரை 35,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 26 நாள் வேலை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபா (இதில் 200 ரூபா அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு) முழுமையாகக் கைக்கு வந்தால் 20 நாள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 இலிருந்து 18 சதவீதமானது. 35,000 ரூபாவுக்குள் அந்த வரி முழுமையாக இருந்தால் அதன் பங்கு 5,300 ரூபா அளவில் வரும். அதாவது 1,350 ரூபா கணக்கில் ஏறத்தாழ நான்கு நாள் கொழுந்து வரிக்கு மட்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இறக்குமதியாகும் ஒரு திரை ஏன் இவ்வளவு தூரம் போனது என்பது விளங்கும்.

இந்தக் கணக்கை மருமகள் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே பேப்பரில் எழுதிக் காட்டினேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் இத்தனை நாள் என்று விலை போட்டால், எது தேவை, எது விளம்பரம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

முதலில் அளவு. முழு எச்.டி. எனப்படும் 1920க்கு 1080 புள்ளிகள் 24 அங்குலத்தில் அங்குலத்துக்குச் சுமார் 92 ஆக நெருங்கி நிற்கும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறையும். ஆங்கிலம் வாசிப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நமக்குத் தெரியும். சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி மங்கினால் 'க்' எது 'க' எது என்று கண் தடுமாறும். வீட்டில் இருக்கும் 32 அங்குல டிவியையே இணைக்கலாமே என்று அண்ணன் கேட்டார். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட டிவி என்றால் அங்குலத்துக்கு 49 தான். தள்ளியிருந்து படம் பார்க்கப் போதும். கிட்ட உட்கார்ந்து உயர்தர வினாத்தாள் வாசிக்க அது உதவாது.

அடுத்து திரையின் வகை. மலிவான டி.என். வகை வேகமானது, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். ஒரு திரையைச் சுற்றி நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. வி.ஏ. வகையில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் விலை குறைந்தவற்றில் இருண்ட காட்சிகள் இழுபட்டுத் தெரியும். திரவப் படிகம் குளிரில் மெதுவாகவே அசையும் என்பதால், நமது காலைக் குளிரில் முதல் சில நிமிடங்கள் அது கூடுதலாகத் தெரியலாம். படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஐ.பி.எஸ். வகையே நல்லது.

மூன்றாவது ஹேர்ட்ஸ். ஒரு செக்கனில் திரை எத்தனை தரம் புதுப்பிக்கப்படுகிறது என்பதே அது. 60 இலிருந்து 100க்குப் போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 165 இன் பயனை முழுமையாகப் பெற, கணனியும் செக்கனுக்கு 165 படங்களைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். அவனிடம் இருப்பது தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லாத பாவித்த அலுவலகக் கணனி. அது 60 படம் கொடுத்தாலே பெரிது. மிச்சப் பணத்தில் நினைவகம் கூட்டுவது புத்திசாலித்தனம். "1 மில்லிசெக்கன்", "எச்.டி.ஆர்." என்ற ஒட்டுத்தாள்களுக்கு இந்த விலையில் பெரிய அர்த்தம் இல்லை.

அணை பக்கத்தில், மின்சாரம் எங்கே?

கொத்மலை மின் நிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாட். தலவாக்கலைப் பக்கம் 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை இன்னும் 150 மெகாவாட். நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் இந்த மலையில், மாலை ஆறரைக்கு லயன் வீட்டு மின்குமிழ் மங்குகிறது.

பலர் நினைப்பதுபோல மின்னழுத்தம் குறைவது மட்டும் மொனிட்டரைக் கெடுப்பதில்லை. பெரும்பாலான மொனிட்டர்களின் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கெடுப்பது திடீர் உயர்வும் இடியும்தான். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது நினைவிருக்கும். அவ்வாறு மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில் செருகி கழற்றப்பட்டிருக்க வேண்டும். பழைய லயன் வீடுகள் பலவற்றில் புவியிணைப்பு சரியாக இல்லை. அது இல்லாமல் வாங்கும் பாதுகாப்புப் பலகை பாதி வேலைதான் செய்யும். இடி முழங்கினால் மின்செருகியை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் கழற்றுங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் பழைய மொனிட்டர் ஒரு ஒக்டோபர் மாலை இடியில் போனது. வாங்கிய கடையில் மின்னலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அந்த வரி உத்தரவாத அட்டையின் பின்பக்கம் இருந்தது. நான் வாசிக்கவில்லை.

மின்வழங்கி தனியாக வெளியே இருக்கும் மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். உயர் மின்னழுத்தத்தில் அது மட்டும் எரிந்தால் மாற்றுவது சுலபம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்றான். பல லயன் வீடுகளுக்கு இன்னும் தனி முகவரி இல்லை. கடிதமும் பொதியும் தோட்ட அலுவலகம் வழியாகவே வருகின்றன. உடைந்து வந்தால் திருப்பி அனுப்புவதும் அதே வழிதான். எனவே கம்பளையிலோ ஹட்டனிலோ நேரில் பார்த்து, வெள்ளைப் பக்கம் ஒன்றும் கறுப்புப் பக்கம் ஒன்றும் போட்டுச் சோதித்து, உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வருவதே பாதுகாப்பு. கை மிகக் கடினம் என்றால் பாவித்த அலுவலக ஐ.பி.எஸ். திரை ஒன்றும் மோசமில்லை. மஞ்சள் படிந்திருக்கிறதா, கோடு விழுகிறதா என்று அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

அண்ணியின் கேள்விக்கு

விளையாட்டுக்கு இவ்வளவு காசா? அன்று இரவு அவன் யாருடன் விளையாடுகிறான் என்று அண்ணியைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொன்னேன். மறுமுனையில் கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் பேரன். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வன்னிக்குப் போன குடும்பம் அது. நாங்கள் இங்கேயே தங்கினோம். அங்கே போனவர்கள் 2009 வரை எல்லாவற்றையும் பார்த்தார்கள். இடையில் எத்தனையோ வருடங்கள் கடிதம்கூட இல்லை. பெரியவர்கள் நாங்கள் ஒரு கல்யாணத்திலும் இரண்டு செத்த வீட்டிலும்தான் சந்தித்தோம். இந்தப் பையன்கள் வாரத்துக்கு மூன்று இரவு பேசுகிறார்கள். ஒருவன் மற்றவனுக்குக் கணக்கு வினாத்தாள் அனுப்புகிறான். கடந்த நவம்பரில் டித்வா புயலில் நுவரெலியா மாவட்டத்தின் மலைகள் சரிந்தபோது, எங்களைத் தேடி முதலில் வந்த குரலும் அந்தப் பையனுடையதுதான்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவங்க அப்பாவைக் கூப்பிடச் சொல்லு, பேசணும்" என்றார்.

24 அங்குலம், ஐ.பி.எஸ்., 100 ஹேர்ட்ஸ் என்று முடிவானது. பாதியை அண்ணன் போடுகிறார், மீதியை நான். ஆனால் எல்லா வீட்டிலும் மீதியைப் போட ஒரு சித்தப்பா இருக்க மாட்டார். பாடசாலைப் பிள்ளையுள்ள வீட்டுக்கு வாங்கும் முதல் கணனிக்காவது வரிச் சலுகை, லயன் வீடுகளுக்குப் புவியிணைப்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி. மலையகப் பிரதிநிதிகள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்க வேண்டியவை இவை. டிஜிட்டல் பொருளாதாரம் என்பது எங்கள் தோட்டத்தில் அங்கிருந்துதான் தொடங்கும்.