கூகுளிடம் கேட்டது ஒன்றிய அரசுக்கு எதுக்கு?

"மார்பில் கட்டி வலிக்குமா", "கடன் கட்டலைன்னா ஜப்தி பண்ணுவாங்களா"... வீட்டுல கூட வாய்விட்டுக் கேட்காததை கூகுளிடம் கேட்கிறோம் தோழர்களே!

2006-ல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், பெயர்களுக்குப் பதில் வெறும் எண்களைப் போட்டு சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல்களை வெளியிட்டது. தேடிய வார்த்தைகளை வைத்தே ஒரு பெண்ணின் வீடு வரைக்கும் போயிட்டாங்க பத்திரிகையாளர்கள். இன்காக்னிட்டோ போட்டா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. அது உங்க போன்ல இருக்கிற ஹிஸ்டரியை மறைக்கும், அவ்வளவுதான்.

சரி, சட்டம் காப்பாற்றுமா? தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது இதே ஒன்றிய பாஜக அரசுதான். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, 17-வது பிரிவில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் ஒன்றிய அரசே விலக்கு கொடுத்துக்கலாம். கம்பெனி தப்பு செஞ்சா 250 கோடி ரூபாய் வரை அபராதம். விலக்கு வாங்கிய அமைப்பு செஞ்சா? கேள்வியே கிடையாது. பூட்டும் அவங்களே, கள்ளச்சாவியும் அவங்களே!

ஒன்றிய அரசே, 17(2)-ஐ நீக்கு!

#என்_தேடல்_என்_உரிமை