தகுதியில்லாதவள் நானா?

"வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லையா?" டெல்லி நரேலாவில் ஒரு டீச்சர் இந்தியில் கேட்டார். பக்கத்தில் நின்ற என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். என்னை நினைத்து அவன் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

சொல்லித் தந்தேன் டீச்சர். நாலாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் நான்தான் சொல்லித் தந்தேன். தமிழில். ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்பில், பாராபுல்லா நாலா என்ற வடிகாலை ஒட்டிய ஒற்றை அறையில், அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து. இந்தி எனக்குப் பேச வரும், சண்டை போட வரும், படிக்க வராது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இந்த நகரத்தில் பல பள்ளிகள் இருக்கின்றன. நரேலாவில் ஒன்றுகூட இல்லை.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் புல்டோசர் வந்தது. மழைத்தண்ணீர் ஓட நாலாவை அகலப்படுத்த வேண்டுமாம். மழை வந்தால் அந்தத் தண்ணீர் முதலில் நுழைவதே எங்கள் வீட்டுக்குள்தான். நாலாவைத் தூர்வார வேண்டாமென்று நாங்களா சொன்னோம்? இருந்தவை 370 வீடுகள். 189 பேருக்குத் தகுதி உண்டு என்றார்கள், மீதிப்பேருக்கு இல்லை என்றார்கள். நான் தகுதிப் பட்டியலில் இருந்தேன், நரேலாவில் வீடு தந்தார்கள். எதிர்வீட்டு அக்கா இல்லை. 2015-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையாம். என் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எந்தப் பட்டியலில் அதை எழுதுவார்கள்?

நான் கெட்டிக்கார அம்மாவாகத்தான் இருந்தேன். ஐந்தரைக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, மகளுக்குப் பின்னல் போட ஏழு மணிக்கு ஓடி வருவேன். பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி இரண்டு வீடு. கொரோனாவில் எல்லா வீடும் கதவைச் சாத்தியபோதுகூட, பிள்ளைகளை ஆளாக்கிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அந்தத் தைரியத்தை என் நெஞ்சுக்குள் வைத்திருப்பதாக நினைத்தேன். அது வேலை வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருந்த பத்து நிமிட நடையில் இருந்திருக்கிறது. அக்காவின் வாசற்படியில் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் இடித்தார்கள்.

இப்போது நரேலாவிலிருந்து வேலைக்குப் போக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பெண்களுக்குப் பஸ் பயணம் இலவசம்தான். நேரத்தை யார் தருவார்கள்? நாலரைக்கு இருட்டில் கிளம்பினால் திரும்ப இரவு எட்டு. பதினாலு வயது மகள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதி வீடுகளில் ஆள் இல்லாத கட்டடம். கேம்பில் அவள் தெருமுனைக்குப் போனால் பத்துப் பேர் "எங்கடி போற?" என்று கேட்பார்கள். இங்கே அவள் கத்தினாலும் யார் வருவார்கள்? வேலை செய்யும் வீட்டு மேடம் சொல்கிறார்: "பெண் பிள்ளையை இப்படித் தனியாக விடலாமா?" உறவுக்காரர்கள் சொல்கிறார்கள்: "விழுப்புரத்துக்கு ஆயாகிட்ட அனுப்பிடு." அனுப்பினால் பெற்ற பிள்ளையை விரட்டியவள். அனுப்பாவிட்டால் பொறுப்பில்லாதவள். வேலையை விட்டால் சோறு போட வக்கில்லாதவள். வீட்டை இடித்தவர்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வருகிறது.

நேற்று இரவு மகன் இந்திப் புத்தகத்தைத் தன் அக்காவிடம் காட்டி ஏதோ கேட்டான். "காலையில அம்மாகிட்ட கேளு" என்றாள் அவள், தூக்கக் கலக்கத்தில்.

"அம்மாவுக்குத் தெரியாதுக்கா. கேட்டா அழும்."

நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.