காட்சிக்குக் கூடுவோர் சபைக்கும் வரவேண்டும்

2024 டிசம்பர் 5ஆம் தேதி, பல்லாவரத்தை அடுத்த மலைமேடு, காமராஜ் நகர்ப் பகுதிகளில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, அவர்களில் சிலர் உயிரும் இழந்தார்கள் என்ற செய்தி வந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று அப்பகுதி ஜனங்களும், குடிநீர் காரணமல்ல என்று அமைச்சரும் சொன்ன இரண்டு அபிப்பிராயங்களையும் வைத்து, உண்மை எது என்று விடாமல் விசாரிக்கும் பொறுமை சென்னையின் இந்தத் தென் புறநகரில் எத்தனை பேருக்கு இருந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. அதே நாளில்தான் 'புஷ்பா' படத்தின் இரண்டாம் பாகம் வெளியாயிற்று. அதற்கு முந்திய இரவு ஹைதராபாத்தில் அப்படத்தின் சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு பெண்மணி மாண்டுபோனார். அடுத்த பத்து நாட்களும் தாம்பரத்து டீக்கடைகளிலும் கடற்கரை மின்சார ரயிலிலும் நான் கேட்ட பேச்செல்லாம் அந்தப் படத்தின் வசூலைப் பற்றியும், நெரிசல் மரணத்துக்காக அதன் கதாநாயகன் கைதாகி வெளியே வந்ததைப் பற்றியுமே இருந்தது. தாம்பரத்திலிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி, நம்மைப் போலவே குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்த குடும்பங்களின் துக்கம் ஒரு வாரத்துக்குள் பழங்கதையாகிவிட்டது.

நான் சினிமாவுக்கு விரோதி அல்லன். மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகத்தில் வாரம் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உழைக்கும் பெண், ஞாயிற்றுக்கிழமை தன் தங்கையை அழைத்துக்கொண்டு ஒரு படம் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிறாள் என்றால், அந்தச் சந்தோஷம் அவள் சம்பாதித்த சந்தோஷம்; அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. என் ஆதங்கம் வேறு. நாம் ஒன்று சேருகிற சந்தர்ப்பங்கள் எல்லாம் யாரோ ஒருவரைக் காண்பதற்கும் எதையோ ஒன்றை வேடிக்கை பார்ப்பதற்குமே என்று ஆகிவிட்டன. நம் தெருவையும் நம் ஏரியையும் பற்றி நாமே உட்கார்ந்து பேசுவதற்காகக் கூடும் வழக்கம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அதன் பலனாக, ஆளுவோர் கண்ணுக்கும் வியாபாரம் செய்வோர் கண்ணுக்கும் நாம் பிரஜைகளாகத் தெரிவதில்லை, ஜனத்திரளாகவே தெரிகிறோம். ஜனத்திரளுக்கு இவ்வளவு செய்தால் போதும் என்கிற மனோபாவம் எல்லாக் காரியங்களிலும் படிந்துவிட்டது.

2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் வாசலோடு திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலமைச்சரின் வாகனமே போக்குவரத்தில் சிக்கி நின்றது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், இசையமைப்பாளரும் வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவை ஒட்டி மெரினாவில் சாகசக் காட்சி நடந்தது. ஒத்திகை நாட்களிலிருந்தே எங்கள் வீட்டு மாடிகளின் மேலாக அந்த விமானங்கள் பறந்ததால், எங்கள் பகுதிக் குழந்தைகளின் உற்சாகத்துக்கு அளவே இல்லை. உச்சி வெயிலில் லட்சக்கணக்கானவர்கள் கடற்கரையில் நின்றார்கள். திரும்பி வரப் போதிய ரயில் இல்லை, குடிக்கத் தண்ணீர் கிடைப்பது துர்லபமாயிற்று. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் நடிகர் விஜய்யின் அரசியல் கூட்டத்தில் 41 பேர் மாண்டார்கள். அதில் யார் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிப்பது விசாரணையின் வேலை. ஆனால் மூன்று இடத்திலும் பிரத்தியட்சமாகத் தெரிவது ஒன்று உண்டு: வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பெருமைப்படுவதற்கு ஆள் இருந்தது, அவர்கள் எப்படி வருவார்கள், எங்கே நிற்பார்கள், எந்த வழியாகத் திரும்புவார்கள் என்று யோசிப்பதற்கு ஆள் இல்லை.

இந்த யோசனையின்மைக்கு நிரந்தரமான சாட்சியம் வேண்டுமானால் கிளாம்பாக்கத்துக்கு வாருங்கள். 88 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 394 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் விசாலமானது, சுத்தமானது. கோயம்பேட்டுப் பஸ் நிலையத்தின் நெரிசலைக் கண்டவன் அதை மறுக்கமாட்டான். ஆனால் தென் மாவட்டங்களின் பஸ் போக்குவரத்தெல்லாம் வந்து இறங்கும் அந்த முனையம் திறக்கப்பட்ட நாளில், பக்கத்திலேயே ஓடும் ரயில் பாதையில் ஒரு நிறுத்தம் இல்லை, ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி ரயிலடிக்குப் போக ஒரு நடைமேம்பாலமும் இல்லை. விமான நிலையத்தோடு நின்றுவிட்ட மெட்ரோ அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே வரவேண்டும் என்பது திட்ட அறிக்கையாகவே இருந்தது. அடுத்த பிப்ரவரி மாதத்திலேயே, இரவில் திருச்சிப் பக்கம் போக பஸ் கிடைக்காத பிரயாணிகள் அங்கே மறியல் செய்யும்படி ஆயிற்று. விடியற்காலை நான்கு மணிக்கு நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் பையும் மறு கையில் தூங்கும் குழந்தையுமாக நிற்கும் பெண்ணிடம், ஷேர் ஆட்டோக்காரர் தாம்பரத்துக்கு என்ன கேட்கிறார் என்பதை அருகில் நின்று கேட்டால், ஊரிலிருந்து இங்கே வருவதற்குக் கொடுத்த கட்டணமே மேல் என்று அவள் முணுமுணுப்பதும் காதில் விழும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவுகளில் பெருங்களத்தூர் சாலையோரத்தில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கும் ஜனங்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டியதில்லை; இந்தப் பக்கம் வசிக்கிற யாவரும் அறிந்ததுதான்.

இதே தாம்பரத்தின் சரித்திரம் இந்த யோசனையின்மைக்கு நேர்மாறாக ஆரம்பித்தது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொல்லவேண்டும். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது இந்த ஊர் ஒரு சின்ன ஊர். சானடோரியத்தில் க்ஷயரோகிகளுக்கு டாக்டர் சௌரி முத்து ஆஸ்பத்திரி ஸ்தாபித்தே அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது 1937இல். முதலில் பாதை வந்தது, பிறகு ஜனங்கள் வந்தார்கள். பாதையைக் கண்டு குரோம்பேட்டையிலும் சிட்லபாக்கத்திலும் மனை வாங்கிக் கட்டியவர்களின் பேரன்மார்தாம் இன்று, ஜனங்களை முதலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பாதையைப் பிறகு தேடுகிற காலத்தில் வாழ்கிறார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முன் இருந்த தீர்க்கதரிசனம் நமக்கு இல்லாமல் போனதற்குப் பணமோ தொழில்நுட்பமோ காரணம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கிளாம்பாக்கத்தில் கட்டுமானம் நடந்த அத்தனை வருஷங்களும் பாதை எங்கே என்ற கேள்வியை எழுப்ப அவகாசம் இருந்தது.

தண்ணீர் விஷயத்திலும் நிலைமை அதுவேதான். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஆதனூர் ஏரியில் பிறக்கும் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. முதல் மாடியிலிருந்து ஜனங்களைப் படகில் இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே பகுதிகளில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. இன்று அங்கே ஐப்பசி பிறந்தவுடன் நடக்கும் காரியங்களைப் போய்ப் பார்க்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றுகிறார்கள். பிள்ளைகளின் சர்டிபிகேட், பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் வைக்கிறார்கள். வயதான தாயாரை முன்கூட்டியே மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆயுத பூஜைக்குப் பின் தீபாவளி என்பதுபோல், தீபாவளிக்குப் பின் வெள்ளம் என்று ஒரு பஞ்சாங்கம் அவர்கள் வாழ்க்கையில் ஏற்பட்டுவிட்டது. தாம்பரம் செங்கற்பட்டு மாவட்டம், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஏரி ஓர் இலாகா, சாலையோர வடிகால் மற்றோர் இலாகா. புகார் மனு ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்குவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடுகிறது. கிழக்கே செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேரவேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. அந்தக் கௌரவம் சந்தோஷத்துக்குரியதே. அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு பல்லாண்டுகளாக வளர்ந்து நின்றதும் அதே அளவு உண்மை.

இவ்வளவையும் சர்க்காரின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. எழுபது வார்டுகளுக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதே 2022இல் வந்த விதிகள், வார்டுதோறும் ஒரு குழுவையும், வார்டைப் பிரித்துப் பகுதி சபைகளையும் ஏற்படுத்தின. பகுதியில் வாக்குரிமை பெற்றவர் யாவரும் அந்தச் சபையில் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். கிராம சபையைப்போல் நகரவாசிக்கும் ஒரு சபை வேண்டும் என்று எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் கேட்டுப் பெற்ற உரிமை அது. 2022 நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாமே வந்து கலந்துகொண்ட பகுதி சபை எது தெரியுமா? நம் பம்மலில், தாம்பரம் மாநகராட்சியின் ஆறாவது வார்டில் நடந்ததுதான். தமிழ்நாட்டின் மற்ற நகரங்களுக்கு முன்மாதிரியாக இருந்திருக்கவேண்டிய ஊர் நம்முடையது.

அதற்குப் பின் என்ன நடந்தது? முதலமைச்சர் வந்த அன்றைக்கு இருந்த ஜனத்திரள் அவரோடு போய்விட்டது. நான் அறிந்த மட்டில் எங்கள் பக்கத்துச் சபைகளில் நாற்காலிகளே அதிகம், மனிதர்கள் குறைவு. அறிவிப்பு முன்கூட்டி வருவதில்லை. வேலைநாளில், மின்சார ரயிலில் பட்டணம் போனவர்கள் திரும்பாத நேரத்தில் கூட்டம் வைக்கிறார்கள். போனமுறை தீர்மானம் என்ன ஆயிற்று என்று படிப்பதில்லை. இக்குறைகள் அனைத்தும் மெய். ஆயினும், ஒரு படத்தின் முதல் காட்சிக்கு எந்த அறிவிப்பும் இல்லாமலே நாளும் நேரமும் அறிந்து, அலுவலகத்துக்கு லீவு சொல்லி, டிக்கெட்டுக்கு ஆளாய்ப் பறக்கும் வல்லமை நமக்கு இருக்கிறதே, அதில் பத்தில் ஒரு பங்கை வார்டு அலுவலகத்தில் போய் அடுத்த சபை என்றைக்கு என்று விசாரிப்பதற்குச் செலவிட்டால் அறிவிப்பு ஒட்டாமல் எப்படி இருப்பார்கள்?

வாசகர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய தியாகம் அல்ல. சினிமாவுக்குப் போங்கள், கச்சேரிக்குப் போங்கள், பிடித்த தலைவரின் பிரசங்கத்தையும் கேளுங்கள். ஆனால் உங்கள் பகுதி சபை அடுத்து என்று கூடுகிறது என்பதை உங்கள் கவுன்சிலரிடம் இந்த வாரமே கேளுங்கள். அது கூடும் நாளில் அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். உங்கள் தெருக் குழாய் நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், முடிவு என்ன என்று கேளுங்கள். மழைநீர் வடிகால் எந்த ஏரியில் போய் விழுகிறது என்று வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.