போர் பறித்த காணிகளுக்காக டெல்லி பேச வேண்டும்
மீமிசல் கடலோர மக்கள் வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கை

இலங்கைப் போரில் மக்களிடமிருந்து பறிபோன காணி, வீடு, நகை ஆகியவை உரியவர் கைக்குத் திரும்ப வேண்டும். இந்தியா இலங்கையோடு நடத்தும் ஒவ்வொரு பேச்சிலும் இது தனிப் பொருளாக இடம்பெற வேண்டும். அதிலும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழரின் சொத்துரிமைக்கு முதலிடம் தர வேண்டும். மீன்பிடி, உப்பளம், சிறு வணிகம் என்று மீமிசலிலும் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் பிழைக்கும் எங்கள் நிலைப்பாடு இது.

பறிமுதல் என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டால் ஆட்கள் பெரும்பாலும் சில வாரங்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள், படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தை 2018-ல் இலங்கை திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் படகுகளை ஏலத்திலும் விட்டது. ஆனாலும் எங்களுக்காகக் கேட்க ஓர் அரசு இருக்கிறது. படகு பிடிபட்டால் முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார். மீன்பிடிக்கென்றே இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு 2016-ல் அமைந்தது. அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு சென்றபோதும் மீனவர் பிரச்சினை பேசப்பட்டது.

அறந்தாங்கியை அடுத்த அழியாநிலை முகாமிலோ, தோப்புக்கொல்லையிலோ, லேனாவிளக்கிலோ இருக்கும் குடும்பத்தின் காணிக்காக இப்படி எந்தக் கூட்டம் நடந்தது? 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையைப் பாருங்கள். மின்சாரம், துறைமுகம், கடன், பாதுகாப்பு, மீன்பிடி எல்லாவற்றுக்கும் தலைப்பு உண்டு. போரில் பறிபோன நிலத்துக்குத் தலைப்பு இல்லை.

பறிபோனது கொஞ்சநஞ்சமல்ல. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் 1990 ஜூனில் வெளியேற்றப்பட்டார்கள். பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறையையும் சுற்றிய செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்து நான்காண்டு கழித்து, 2013-ல், அதே பகுதியில் 6,381 ஏக்கரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள அரசு அறிவித்தல் ஒட்டியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015-க்குப் பிறகு பகுதி பகுதியாக விடுவித்தார்கள், உண்மை. ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் இன்னும் காணிகள் இருக்கின்றன. தையிட்டியில் தனியார் காணியில் விகாரையே எழுந்துவிட்டது.

எங்களைப் போன்ற கடல் சனத்தின் கதை இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிக் கடலில் உள்ள அந்தத் தீவிலிருந்து 1992-ல் மக்கள் வெளியேறினார்கள். தீவைக் கடற்படை வைத்துக்கொண்டது. முழங்காவில் பக்கத்து இரணைமாதா நகரில் குடியிருந்தபடி, தங்கள் தீவைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, 2017 மே முதல் அவர்கள் தொடர்போராட்டம் நடத்தினார்கள். எந்த அமைச்சரின் உறுதிமொழியும் நிறைவேறவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று ஏறத்தாழ நாற்பது படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களே போய் இறங்கினார்கள். முதலில் மாதா கோயிலில் செபம் சொன்னார்கள். பிறகு கூரையில்லாத சுவர்களுக்கும் புதர்களுக்கும் நடுவே அவரவர் வளவைத் தேடினார்கள். அடுத்த மாதமே அரசு அவர்கள் அங்கே தங்கச் சம்மதித்தது. கேட்காமலிருந்த கடற்படையைக் கேட்க வைத்தது அந்த மக்களின், குறிப்பாகப் பெண்களின், பிடிவாதம். மன்னாரின் முள்ளிக்குளத்திலும் முல்லைத்தீவின் கேப்பாபிலவிலும் அதே 2017-ல் மக்கள் தெருவில் உட்கார்ந்துதான் கொஞ்சமாவது பெற்றார்கள்.

அங்கே இருப்பவர்கள் தெருவில் உட்காரலாம். அழியாநிலையில் இருப்பவர் எங்கே போய் உட்காருவார்?

காலக்கெடு என்ற ஆயுதம் அவர்மீதுதான் முதலில் பாய்கிறது. பத்தாண்டு ஒருவர் காணியை அனுபவித்தால் உரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அது அநீதி என்று உணர்ந்து, 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016-ல் சிறப்புச் சட்டம் இயற்றினார்கள். நல்ல சட்டம். ஆனால் வழக்குத் தொடர இரண்டே ஆண்டு தந்தார்கள். அந்த இரண்டாண்டில் தமிழ்நாட்டு முகாம்களுக்கு யார் வந்து சொன்னார்கள்? 2025 மார்ச்சில் இன்னொரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வட மாகாணத்தில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது அது. ஜூனில் இலங்கை உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் அந்தக் காணி தப்பியது; பிறகு அரசும் பின்வாங்கியது. தடை வராமலிருந்தால், கடல் கடந்து போகக் கடவுச்சீட்டு இல்லாத ஒருவரின் பத்துப் பரப்புக் காணி ஒரு தாளோடு போயிருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். பறித்தது இராணுவம் மட்டுமல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அதற்கு அவர்கள் கொடுத்த நேரம் இரண்டு மணி. வீடும் கடையும் நகையும் அப்படியே பறிபோயின. முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வாழும் இந்தக் கரையிலிருந்து அறிக்கை விடும் நாங்கள் அந்த அநியாயத்தை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டோம். மன்னாரின் சிலாவத்துறையில் முஸ்லிம் மக்களின் காணி கடற்படை முகாமாக இருப்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட சிங்களக் குடும்பத்தின் உறுதிப் பத்திரமும் எங்கள் கணக்கில் பத்திரம்தான்.

நகை விஷயமும் உண்டு. புலிகளின் வங்கியில் மக்கள் அடகு வைத்த நகைகள் போரின் முடிவில் இராணுவத்தின் கையில் சிக்கின. பதினாறு ஆண்டு கழித்து, 2025 மே மாதம்தான், இராணுவம் அவற்றைக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. அடகுச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு தாய் இங்கே முகாமில் இருந்தால் அவருக்கும் விண்ணப்பிக்க வழி வேண்டும்.

‘இது அவர்களின் உள்நாட்டு விவகாரம், இந்தியா எப்படித் தலையிடும்’ என்று கேட்பவர்கள் உண்டு. வலிகாமம் வடக்கின் அந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இந்தியா ஏற்கெனவே இருக்கிறது. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அகற்றியது இந்திய உதவி. பலாலி விமான நிலையம் 2019-ல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதிலும் இந்தியப் பணம் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளை இந்தியா கட்டிக்கொடுத்தது. காணி உள்ளவருக்குத்தானே வீடு கட்ட முடிந்தது? ஒவ்வொரு சந்திப்பிலும் டெல்லி வலியுறுத்தும் இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தமே காணி அதிகாரத்தை மாகாண சபைக்குத் தருகிறது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2015 தீர்மானம் காணிகளை உரிய பொதுமக்களிடம் விரைந்து திருப்பித் தரக் கோரியது. இலங்கையும் சேர்ந்து முன்மொழிந்த தீர்மானம் அது; 2020-ல் இலங்கை அரசு அதைக் கைவிட்டது.

உலகில் இது நடந்திருக்கிறது. பொஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு, அகதிகளின் சொத்தைத் திருப்பித் தருவதை உடன்படிக்கையின் பகுதியாகவே ஆக்கியது. தனி ஆணையம் அமைத்தார்கள். வெளிநாட்டில் இருந்த அகதிகளும் அதனிடம் மனு கொடுத்தார்கள். கொலம்பியாவின் 2011 சட்டப்படி நாட்டுக்கு வெளியே இருப்பவர் தூதரகத்திலேயே பதிவு செய்யலாம்.

அதையே இங்கும் கேட்கிறோம். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகம் முகாம்களுக்கே வந்து காணி உரிமை மனுக்களை வாங்க வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு காணிப் பதிவகங்களிலிருந்து உறுதிகளின் படிகளைக் கட்டணமில்லாமல் பெற்றுத் தர வேண்டும். அங்குள்ள உறவினருக்கு அதிகாரம் எழுதிக்கொடுப்பதை எளிதாக்க வேண்டும். இங்குள்ளோருக்கு வாய்ப்புத் தராமல் எந்தக் காலக்கெடுவும் செல்லாது என்று இலங்கை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முகாம்களில் ஓர் அச்சம் இருக்கிறது: காணி கேட்டால் ‘அப்படியானால் கிளம்பு’ என்று சொல்லிவிடுவார்களோ என்பது. முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்து, இங்கே பிள்ளை பெற்றவரின் அச்சம் அது. காணி உரிமை வேறு, திரும்பிப் போவது வேறு. திரும்ப விரும்பாதவருக்கும், இந்தியக் குடியுரிமை கேட்பவருக்கும், இங்கே பிறந்த பிள்ளைக்கும் தாத்தாவின் காணியில் பங்கு உண்டு. ஒன்றைக் கேட்டதற்காக மற்றதை இழக்க நேராது என்று ஒன்றிய அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

படகையும் காணியையும் பண்டமாற்றாக்க யாரும் முயல வேண்டாம். எங்கள் படகுகளை மீட்டுத் தாருங்கள் என்பதில் நாங்கள் தளரவில்லை. அதேவேளை எங்கள் இழுவை மடி வடக்கு மீனவர்களின் வலைகளை அறுப்பதும், போருக்குப் பின் கடன்பட்டு வாங்கிய வலைகள் அவை என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்கள் காணிக்காகப் பேசும் நாங்கள் அவர்கள் கடலைச் சுரண்ட மாட்டோம். இழுவை மடியைக் கைவிட அரசு தரும் மாற்றுத் தொழில் உதவி விரைந்து வர வேண்டும்.

இந்த அறிக்கையைத் தமிழ்நாடு அரசுக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் எங்கள் ராமநாதபுரம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புகிறோம். நாடாளுமன்றத்தில் இதைக் கேள்வியாக எழுப்புங்கள்.

முகாம்களில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய வரி ரசீது எது இருந்தாலும் இன்றே படியெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எதுவும் இல்லையென்றால் காணியின் நான்கு எல்லைகளையும், கிணறு எங்கே இருந்தது என்பதையும், பக்கத்துக் காணிக்காரர் பெயர்களையும் வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மனு எழுதித் தரவும் கூட வரவும் மீமிசலில் நாங்கள் இருக்கிறோம்.