எந்த ஓரமாகப் போவது?

"ஓரமாப் போய்யா!" என்கிறார் ஒருவர். "ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்கிறார் இன்னொருவர். சென்னையில் சைக்கிள் மிதிப்பவனுக்கு இது தினப்படி அர்ச்சனை. ஓரமாகவே போகிறேன் ஐயா. எந்த ஓரம் என்று காட்டுங்கள். அங்கே கார் நிற்கிறது. கார் இல்லாத இடத்தில் மணலும் ஜல்லியும். அதையும் தாண்டினால் பள்ளமாய் இறங்கிக் கிடக்கும் சாக்கடை மூடி. அதற்காக ஒரு முழம் வலப்பக்கம் ஒதுங்கினால் பஸ்ஸின் ஹாரன் முதுகில் அறைகிறது.

யார் சைக்கிளில் போகிறார்கள்? விடியுமுன் பேப்பர் போடும் பையன், கேரியரில் டீ கேன் கட்டியவர், இரவுக் காவல் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், பெட்ரோலுக்குக் கூலி கட்டுப்படியாகாத சித்தாள். இவர்கள் விழுந்தால் "அடையாளம் தெரியாத வாகனம் மோதி" என்று நாலு வரிச் செய்தி. அவ்வளவுதான் மரியாதை!

சைக்கிள் அறியாத ஊரா இது? அம்பத்தூரில் ஆலை வைத்து நாட்டுக்கே சைக்கிள் செய்து அனுப்பிய ஊர். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏற்றியது. 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள், பிறகு அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. சைக்கிளைக் கொடுத்த கை, ரோட்டில் அதற்கு ஆறடி கொடுக்க மட்டும் ஏன் ஐயா மூடிக்கொள்கிறது? போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும் என்று 2014இல் சென்னையில் கொள்கையே வகுத்தார்கள். காகிதத்தில் சைக்கிள் ஓட்டச் சொல்கிறீர்களா?

"அதெல்லாம் வெளிநாட்டில்" என்று சொல்லாதீர்கள். 1971இல் நெதர்லாந்தின் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400க்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று பெற்றோர் தெருவை மறித்தார்கள். 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசு இறங்கி வந்தது. இன்று உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. இங்கே ஒரு ஜவுளிக்கடை வாசலில் என் ஒற்றை சைக்கிளுக்கு இடமில்லை. "பின்னாடி சந்துல போடு" என்று விரட்டுகிறார் காவலாளி. அவரும் சைக்கிளில் வந்தவர்தான்!

பணக்கார நாடு என்பீர்கள். கொலம்பியா பணக்கார நாடா? அதன் தலைநகர் பொகோட்டாவில் 1970களிலிருந்து ஞாயிறு காலைகளில் சாலைகளைக் காருக்கு அடைத்து மக்களுக்குத் திறக்கிறார்கள். இன்று அது 100 கிலோமீட்டருக்கு மேல். நம் கொல்கத்தாவிலோ 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்கே தடை போட்டார்கள். தெருவை அடைத்தது கார், தண்டனை பால்காரருக்கு!

பெயின்ட் கோடு வேண்டாம். அதன்மேல் நாளைக்கே கார் நிற்கும். கான்கிரீட் தடுப்பு கட்டி ஆறடி பிரித்துக் கொடுங்கள். சாக்கடை மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துங்கள். பள்ளிக்கூட வாசல்களில் முதலில் தொடங்குங்கள். அதைச் செய்யும்வரை, ஜூன் 3 உலக சைக்கிள் தினத்தன்று தொப்பி மாட்டிக்கொண்டு எங்களோடு படம் பிடிக்க வராதீர்கள்.