காப்பியில் கலந்த விளக்கெண்ணெய்



கோடை விடுமுறை தொடங்கினால் எங்கள் வீட்டில் முதல் சடங்கு பேதிக்குக் கொடுப்பதுதான். விடியற்காலையில் பாட்டி விளக்கெண்ணெயைச் சூடான காப்பியில் கலந்து, கைகளைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றிவிடுவார். (மூக்கைப் பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை!) வயிற்றைப் புரட்டியது எண்ணெய், பழி விழுந்ததோ காப்பியின் மேல். கல்லூரி முடியும்வரை டிகாக்‌ஷன் வாசம் வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

இது வெறும் அசட்டுத்தனம் அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. சியாட்டில் நகர ஆய்வாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன், கீமோதெரபி எடுக்கும் பிள்ளைகளுக்கு, மருந்து ஏற்றுமுன் பழக்கமில்லாத சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்து அதையே நீட்டியபோது பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். 1978-இல் வெளிவந்தது அந்த ஆய்வு. குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று அறிந்த பெரிய பிள்ளைகளும் ஒதுக்கினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

என் வெறுப்பு சுவையைவிட வாசத்தின் மேல்தான், வாசம் மூளைக்குள் போகும் வழியும் தனி. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே போகிறது. வாசனை அப்படிக் காத்திருப்பதில்லை. மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதிக்கு அதற்கு நேர்வழி உண்டு. எலிகளின் அமிக்டலாவை மரக்கச் செய்தபோது, நோயோடு சேர்ந்து வந்த மணத்தை அவை வெறுக்கப் பழகவில்லை. சுவையை வெறுப்பது மட்டும் மாறவில்லை.

கல்யாணத்துக்குப் பின் என் வெறுப்பு அடங்கியது. தினமும் காலையில் வீடெங்கும் காப்பி மணம், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அடங்கியதுதான், அழியவில்லை. ‘இதனால் ஒன்றும் ஆகாது’ என்ற புதுப் பாடத்தை மூளை பழையதின் மேல் எழுதுகிறது. நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதி அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. அந்தப் பிடி தளர்வதும் உண்டு. அடங்கிய பழக்கம் தானாகத் தலைதூக்குவதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் தம் நாய்களிடமே கண்டார். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அடுப்படியிலிருந்து காப்பி வாசம் வந்தது. பாட்டியின் பிடி கையில் தெரிந்தது!

ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது கீமோ ஏற்றும் நாளில், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று மீன் குழம்பைக் கட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பெர்ன்ஸ்டைன் பின்னர், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே தூக்கலான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். பழியை மிட்டாய் ஏற்றுக்கொள்ள, சாப்பாடு தப்பியது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நீங்களும் செய்து பாருங்கள். மீன் குழம்பு உடம்பு தேறிய பிறகு வரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்