வலியில்லாத புண்ணை நம்பாதீர்கள்

காயத்தை அளக்க நம் வீடுகளில் இருப்பது ஒரே அளவுகோல்: வலி. வலித்தால் டாக்டரிடம் போவோம். வலிக்காவிட்டால் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வேலையைப் பார்ப்போம். பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவின் பாதத்தில் கொப்புளத்தைக் கண்டு மகள் பதறினால், "வலியே இல்லம்மா, அதுவா ஆறிடும்" என்கிறார். வீடும் நிம்மதியடைகிறது. எத்தனையோ பேரின் காலைப் பறித்தது இந்த நிம்மதிதான்.

சர்க்கரை நோயாளியின் காலில் புண் இருந்தும் வலி இல்லையென்றால் பயப்பட வேண்டும். இரத்தத்தில் நெடுங்காலம் ஏறிநின்ற சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது. மிக நீளமான நரம்புகளே முதலில் கெடுவதால், சேதம் கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. முதலில் எரிச்சல், மதமதப்பு. பிறகு உணர்ச்சியே போய்விடும். செருப்பு நழுவியது தெரியாது. உச்சிவெயிலில் கோயில் பிரகாரக் கல் சுட்டது தெரியாது. ஆணி குத்தியதும் தெரியாது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் வளைய, உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்துகிறது. வியர்வை வற்றித் தோல் வெடிக்கிறது. அழுந்திய இடத்தில் காய்ப்பு ஏறி, அதன் அடியில் சதை நைந்து புண்ணாகிறது. வலி இருந்திருந்தால் அந்த மனிதர் காலை மாற்றி ஊன்றியிருப்பார். அது இல்லாததால் அதே புண்ணின்மேல் நாள் முழுக்க மிதித்து நடக்கிறார்.

வலியில்லாமையே ஆபத்து என்ற பாடத்தின் தொடக்கம் நம் வேலூரில்தான். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளியின் கைகால் சதை நோயாலேயே அழுகி உதிர்கிறது என்று அன்று பரவலாக நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து கவனித்தார். நோயால் உணர்ச்சியற்றுப்போன கையால் சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தார்கள். காயம்பட்ட காலோடு நடந்தார்கள். தூக்கத்தில் எலி கடித்தும் விழிக்கவில்லை. விரல்களை அழித்தது வலி தெரியாமல் பட்ட அடிகள்தான் என்று அவர் நிறுவினார். பின்னர் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில்லில் பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே காரணத்தைக் கண்டார். புண்ணின்மேல் எடை அழுந்தாதபடி மாவுக்கட்டுப் போட்டதும், ஆறாது என்று கைவிட்ட புண்கள் ஆறின.

ஆகவே, "சர்க்கரைப் புண் ஆறவே ஆறாது" என்று தலைவிதியாகப் பேசுவதும் பொய். அழுத்தத்தை நீக்கி, கிருமித்தொற்றை அடக்கி, இரத்த ஓட்டம் அடைபட்டிருந்தால் அதைத் திறந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலான புண்கள் ஆறும். ஆனால் அதற்கு அவை சீக்கிரம் கண்ணில் பட வேண்டும். வலிக்காகக் காத்திருப்பவர் மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் எலும்பு வரை சீழ் இறங்கியிருக்கிறது.

காலில் ஒரு சின்னப் புண்தானே என்பவர்கள் அந்தப் புண்ணோடு வாழும் வீட்டைப் பார்க்கட்டும். ஆற வேண்டுமானால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது. நின்று சம்பாதிக்கும் பஸ் கண்டக்டரும், ஓட்டல் மாஸ்டரும், சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணும் அதற்கு எங்கே போவார்கள்? கட்டு மாற்றப் போக ஆட்டோவுக்குக் காசு வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். மகனோ மகளோ லீவு போட வேண்டும். சீழ் நாற்றத்துக்குக் கூசி உறவினர் கல்யாணத்துக்குப் போவதை விடுகிறார்கள். பேரக்குழந்தை மடியில் ஏறினால் காலை இழுத்துக்கொள்கிறார்கள். கழிவறைக்குப் போக மனைவியின் தோளைப் பிடிக்க வேண்டியிருப்பதே பலரை உள்ளுக்குள் உடைக்கிறது. ஆறிய பிறகும் பயம் போவதில்லை. ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்ப வருகிறது. பாத நோய் உள்ளவர்களில் பலர் சாவைவிடக் காலை இழப்பதையே அதிகம் அஞ்சுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உடலில் வலியில்லை என்பதற்காக இத்தனை துன்பத்தையும் இல்லையென்று சொல்லிவிட முடியுமா?

"எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்ற ஆறுதலும் நிலைக்காது. உயிரைக் காக்கக் காலை எடுத்தே தீர வேண்டிய நேரங்கள் உண்டு. ஆனால் ஒரு கால் போனால் மொத்தப் பளுவும் உணர்ச்சி மங்கிய மறுகாலில் இறங்குகிறது. பெரிய அளவில் கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கப்படும் கால்களில் பெரும்பாலானவை, சுமார் 85 சதவீதம் வரை, ஒரு புண்ணில் தொடங்கியவை. அந்தப் புண்ணைத் தொடக்கத்திலேயே பிடித்திருந்தால் பல கால்கள் மிஞ்சியிருக்கும்.

பழியை நோயாளியின் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேர் ரிப்போர்ட்டோடு டாக்டர் முன் உட்கார்ந்து, மாத்திரைச் சீட்டோடு எழுந்து வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள்? 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சியைச் சோதிக்கச் சில நிமிடம் போதும். காலைப் பார்க்காத சர்க்கரை வைத்தியம் அரைகுறை வைத்தியம்.

சர்க்கரை உள்ளவர்களே, தினமும் படுக்கும் முன் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வையுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கையும், மெட்டி இறுக்கும் இடத்தையும் விடாதீர்கள். செருப்புக்குள் கைவிட்டுத் தடவிய பிறகு அணியுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சுடுதண்ணீரில் காலை வைக்காதீர்கள். காய்ப்பைப் பிளேடால் சீவாதீர்கள், கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்திரியை ஒட்டாதீர்கள். ஒரு கால் மட்டும் சூடாகவோ சிவந்தோ வீங்கியோ இருந்தாலும், சிறு புண்ணே ஆனாலும், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த முறை டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றி, "காலையும் பாருங்க" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.